எந்தத் தோட்டா இந்தத் துப்பாக்கிக்கு?

பழைய ஜெர்மன் கூட்டுத் துப்பாக்கி ஒன்று கைக்கு வந்தால், எல்லாவற்றுக்கும் முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதற்கு எந்தத் தோட்டா? கூட்டுத் துப்பாக்கி என்பது ஒரே கட்டையில் இருவகைக் குழல்களைக் கொண்டது. ஒரு குழல் உள்ளே வழுவழுப்பாக இருக்கும்; பால்ரஸ் எனப்படும் சிறு ரவைகளைச் சிதறவிடுவது அதன் வேலை. இன்னொன்றின் உட்புறத்தில் திருகு வரிகள் ஓடும். ஒற்றைக் குண்டைச் சுழலவிட்டு நேராகச் செலுத்துவது அதன் வேலை. இரு குழல் கொண்டதை ஜெர்மானியர் பியூக்ஸ்ஃப்ளின்டே என்றும், மூன்று குழல் கொண்டதை ட்ரில்லிங் என்றும் அழைத்தார்கள். காடையும் காட்டுப்பன்றியும் ஒரே நடையில் எதிர்ப்படக்கூடிய காடுகளுக்காகத் துரிங்கியா மாநிலத்தின் ஸூல் நகரத்துப் பட்டறைகள் இவற்றை ஆயிரக்கணக்கில் செய்தன. பெரும்பாலானவை கையால் இழைத்துப் பொருத்தப்பட்டவை. அதனால் ஒரே பட்டறையில் ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு துப்பாக்கிகள் இருவேறு தோட்டாக்களைக் கேட்கலாம். குழலின் மேல் பொறித்த பெயரையும், கூடவே கிடைத்த பழைய தோட்டாப் பெட்டியையும், 'இது உள்ளே சரியாகப் போகிறது' என்ற கைப்பழக்கத்தையும் நம்பக் கூடாது. உலோகத்தை அளந்துதான் தோட்டாவை அறிய முடியும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். அளந்த பிறகும், சுடலாமா என்ற கேள்விக்கு விடை சொல்வது அளவு அல்ல, அழுத்தம்.

இந்த ஆராய்ச்சிக்குக் கோலார் தங்கவயல் பொருத்தமான களம். 1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் கீழ் உருவான அந்தச் சுரங்க நகரத்துக்குக் கார்ன்வாலிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஆங்கிலேயர் காலத் துணைப் படையில் தங்கவயலுக்கென்றே ஒரு பட்டாலியன் இருந்தது. 1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு மாறின. 2001 பிப்ரவரி 28-உடன் மூடப்பட்டன. இப்படி மூன்று நான்கு தலைமுறைகள் வந்துபோன ஊரில் உடைமைகள் கைமாறும்போது காகிதம் ஒரு பக்கமும் சாமான் ஒரு பக்கமும் போய்விடும். காகிதம் இல்லாத துப்பாக்கி தன்னைப் பற்றித் தானே பேசினால்தான் உண்டு. தங்கவயலைச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. பழைய தோட்டாவின் வேதியியலில் முக்கியப் பங்கு வகிக்கும் ஒரு பொருளை, அந்த ஊரின் ஆலைகள் பல பத்தாண்டுகள் தினமும் கையாண்டன. அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் பெயர்கள் ஏன் ஏமாற்றுகின்றன என்று பார்க்க வேண்டும். ஜிம் கார்பெட் 1907-இல் சம்பாவத் புலியைச் சுட்டதற்குப் பரிசாகப் பெற்ற ரிக்பி ரைஃபிள் .275 என்று பெயர் பெற்றது. அது கேட்கும் தோட்டா ஜெர்மனியின் 7×57 மவுசர்தான். லண்டன் கடையில் ஒரு பெயர், ஜெர்மன் ஆலையில் ஒரு பெயர், தோட்டா ஒன்றே. ஏழு மில்லிமீட்டரை அங்குலமாக்கினால் .275 வருகிறது, ஆனால் அது திருகு வரிகளின் மேடுகளுக்கு இடையிலான அகலம். உண்மையில் அந்தக் குழலில் செல்லும் குண்டின் விட்டம் .284 அங்குலம். .303 ரைஃபிளின் குண்டும் .303 அல்ல, .311-ஐ ஒட்டியது. பெங்களூரைச் சுற்றியிருந்த காடுகளைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சன் பயன்படுத்திய .405 வின்செஸ்டரின் குண்டு .411 அங்குலம். ஒருவர் மேட்டை அளந்து பெயர் வைத்தார், ஒருவர் பள்ளத்தை அளந்தார், வேறொருவர் விற்பனைக்கு எடுப்பாக இருக்கும் எண்ணைத் தேர்ந்தார். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பெயர் வைத்தவருக்கு அது அடையாளம். அளவாக அதை வாசிப்பது நம்முடைய பிழை.

இந்தியாவில் இந்தப் பெயர் விவகாரம் சட்டமாகவும் ஆயிற்று. 1907-இல் ஆங்கில அரசு .450 விட்டத் தோட்டாக்களை இந்தியாவுக்குள் வரவிடாமல் தடுத்தது. பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவ ரைஃபிள்கள் கலகக்காரர்கள் கையில் இருந்தால், வேட்டைத் தோட்டாவின் குண்டை அவற்றுக்குப் பயன்படுத்துவார்கள் என்பது அரசின் அச்சம். யானையையும் காட்டெருமையையும் சுட .450 இரட்டைக்குழல் ரைஃபிள்களை விற்றுவந்த லண்டன் நிறுவனங்கள் சட்டத்தை மீறவில்லை. விட்டத்தைச் சற்று மாற்றின. .470, .465, .475 என்று புதுத் தோட்டாக்களின் ஒரு குடும்பமே இந்திய, சூடான் சந்தைகளுக்காகப் பரவியது. ஒரு அங்குலத்தின் நூறில் ஒன்றிரண்டு பங்கு வித்தியாசம், சட்டத்தின் கண்ணில் குற்றத்துக்கும் உரிமைக்கும் இடையிலான கோடாயிற்று. நம் நாட்டில் இன்றும் 'தடைசெய்யப்பட்ட போர்', 'தடைசெய்யப்படாத போர்' என்று (போர் என்றால் குழலின் உள்விட்டம்) துப்பாக்கிகளைப் பிரிக்கும் வழக்கத்தில் அந்தப் பார்வை தொடர்கிறது. ஆகவே ஒரு பழைய துப்பாக்கியின் விட்டத்தைத் தவறாக எழுதிக்கொடுப்பது வெறும் எழுத்துப் பிழையாக நிற்காது.

ஜெர்மன் துப்பாக்கியைப் பொறுத்தவரை நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்த நாட்டில் 1891-இல் பிறந்து 1893-இல் நடைமுறைக்கு வந்த சோதனைச் சட்டம், ஒவ்வொரு குழலையும் விற்பனைக்கு முன் அதிக மருந்திட்டுச் சுட்டுப் பார்க்கச் சொன்னது. தாங்கிய குழலுக்கு முத்திரை, தாங்காதது கழிவு. முத்திரைகள் வெளியே தெரியாது. முன்கட்டையைக் கழற்றி, குழல்களைப் பிரித்தெடுத்துத் தலைகீழாகத் திருப்பினால், தோட்டா அறைக்கு அடியிலுள்ள தட்டையான பகுதியில் அவை இருக்கும். நூறாண்டு எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்து, பொறிப்பின் பள்ளத்தில் சாக்குக்கட்டித் தூளைத் தேய்த்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்துகள் எழுந்து நிற்கும். உப்புத்தாளால் தேய்ப்பது கூடவே கூடாது. தேய்த்தால் சாட்சியே போய்விடும். ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் ஒரு கிரீடம். கிரீடத்தோடு 'பி' என்றால் சுட்டுச் சோதித்தது. 'யு' என்றால் அதன்பின் கண்ணால் பரிசோதித்தது. 'ஜி' என்றால் திருகு வரி போட்ட குழல். 'எஸ்' என்றால் ரவைக் குழல். 'டபிள்யூ' என்றால் வாய்ப்பக்கம் சற்றுக் குறுக்கிய குழல். 1910-களில் சேர்ந்த கிரீடத்தோடு கூடிய 'என்' மிக முக்கியமானது: புகையில்லா மருந்தால் சோதிக்கப்பட்டது என்று அது சொல்கிறது. கிரீடத்துக்குப் பதில் கழுகு இருந்தால் துப்பாக்கி 1939-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னால் சோதிக்கப்பட்டது. சில குழல்களில் சோதனைத் தோட்டாவின் மருந்து எடையும் குண்டு எடையும் கிராமில் பொறிக்கப்பட்டிருக்கும். அது கிடைத்தால் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

ரைஃபிள் குழலின் அடியில் பெரும்பாலும் விசித்திரமான ஓர் எண் இருக்கும்: 108,49 அல்லது 118,35 என்பதுபோல. பலர் இதை வரிசை எண் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இது விட்டம். 12 போர், 16 போர் என்று நாம் சொல்லும் அதே கணக்கின் நீட்சி. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ, அது 12 போர். ஒரு பவுண்டு 453.6 கிராம், பன்னிரண்டில் ஒரு பங்கு 37.8 கிராம், ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். ஆகவே உருண்டையின் கொள்ளளவு 3.33 கன சென்டிமீட்டர், விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். அதே பவுண்டை 16 உருண்டைகளாக்கினால் சுமார் 16.8 மில்லிமீட்டர். 108.49 உருண்டைகளாக்கினால்? ஒவ்வொன்றும் 4.18 கிராம், விட்டம் சுமார் 8.89 மில்லிமீட்டர், அதாவது சரியாக .35 அங்குலம். 118.35 என்பது .34 அங்குலம். ஈய உருண்டைக் கணக்கில் இப்படிப் பின்னமாக வரும் எண்கள் அங்குலத்தின் நூறில் ஒரு பங்குப் படிகளை மறைத்து வைத்திருக்கின்றன. பள்ளிக் கணிதமே இதைத் திறக்கப் போதும் என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தரும் விஷயம்.

ஆனால் இந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதில் கவனம் வேண்டும். சோதனைக் கூடத்தில் படிப்படியாகப் பருமன் கூடும் உருளைகளைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தார்கள். .35 அங்குல உருளை உள்ளே போயிற்று, .36 போகவில்லை, எனவே 108,49. குழலின் உண்மையான உள்விட்டம் 8.89-க்கும் 9.14-க்கும் இடையே எங்கோ இருக்கிறது என்பதுதான் செய்தி. அதுவும் திருகு வரியின் மேடுகளுக்கு இடையே எடுத்த அளவு. கடைசி மெருகேற்றுவதற்கு முன்பே சோதனை நடந்திருந்தால், இன்றைய விட்டம் பொறித்த எண்ணை விடச் சற்று அதிகமாகவும் இருக்கலாம். இந்த இடைவெளிக்குள் 9.3 மில்லிமீட்டர் என்று பொதுப்பெயர் கொண்ட தோட்டாக்கள் ஒன்றல்ல, பல. 9.3×72ஆர் அவற்றில் புகழ்பெற்றது. விளிம்பு வைத்த, 72 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒல்லியான பித்தளை உறை. அதே 72 நீளத்தில் ஸாவர் நிறுவனத்தின் தடித்த உறை ஒன்றும் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது. 70 மில்லிமீட்டர், 82 மில்லிமீட்டர் நீளங்களிலும் உறவினர்கள் இருக்கிறார்கள். 9.3×74ஆர் என்பதும் இருக்கிறது: பெயரில் இரண்டு மில்லிமீட்டர்தான் கூடுதல், ஆனால் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 72-க்கு 2000 பார் என்றால் இதற்கு 3400 பார். பெயரை மட்டும் வைத்துத் தோட்டா கேட்பவர், கேட்ட தோட்டாவுக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் அழுத்தம் தரும் பெட்டியை வாங்கிக்கொண்டு வரக்கூடும். அது உள்ளே போகாது என்பது அங்கே ஒரு பாதுகாப்பு. எல்லா இடத்திலும் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

ஆகவே தோட்டா அறையை வார்த்தெடுக்க வேண்டும். பிஸ்மத் கலந்த தாழ் உருகுநிலைக் கலப்பு உலோகம் ஒன்று இதற்கென்றே விற்கப்படுகிறது. 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும், கொதிநீரின் சூடுகூடத் தேவையில்லை. குழலுக்குள் துணி அடைப்பு ஒன்றை வைத்து, அறையையும் அதற்கு முன்னே திருகு வரி தொடங்கும் இடத்தையும் நிரப்பும்படி ஊற்றுகிறார்கள். உறைந்ததும் அது முதல் அரைமணி நேரம் சுருங்கும். எளிதாக வெளியே வரும். பிறகு மெல்ல விரியத் தொடங்கும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அறையின் உண்மையான அளவை எட்டும். அந்த நேரத்தில்தான் மைக்ரோமீட்டரை வைக்க வேண்டும். நாள்கணக்கில் விட்டுவிட்டால் அங்குலத்துக்கு ஆயிரத்தில் இரண்டரைப் பங்கு வரை கூடுதலாக விரிந்து, வார்ப்பே பொய் சொல்லும். வெள்ளிபோல் பளபளக்கும் அந்த வார்ப்பில் விளிம்பின் தடிமன், அடிப்பகுதியின் விட்டம், உறை ஒடுங்கும் சரிவு, வாயின் விட்டம், குண்டு அமரும் கழுத்து, அதற்கப்பால் திருகு வரிகளின் தொடக்கம் எல்லாம் புடைப்பாக நிற்கும். நாம் கேட்க வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. ஒரு மென்மையான ஈய உருண்டையைக் குழல் முழுதும் தள்ளி எடுத்தால் பள்ளங்களின் விட்டமும் கிடைத்துவிடும். இந்த இரண்டு அளவுகளையும் முத்திரைகளோடு வைத்துப் பார்த்தபின் எஞ்சுவது பெரும்பாலும் ஒரே ஒரு தோட்டா.

ரவைக் குழல் எளிது என்று நினைப்பவர்கள் அதிகம். எனக்கு அதுதான் அதிகக் கவலை தருகிறது. பழைய ஜெர்மன் கூட்டுத் துப்பாக்கிகளில் ரவைக் குழல் பெரும்பாலும் 16 போர். அதன் அறை பழைய வழக்கப்படி 65 மில்லிமீட்டர். இன்று விற்கும் தோட்டா பொதுவாக 70 மில்லிமீட்டர். அந்த எண் சுட்டபின் விரிந்த உறையின் நீளம். சுடும் முன் வாய் மடிக்கப்பட்டிருப்பதால் தோட்டா குட்டையாக இருக்கும், 65 அறைக்குள் தடையின்றிப் போகும், துப்பாக்கியும் அழகாக மூடும். சுட்டவுடன் மடிப்பு விரிய இடமில்லை. அறை ஒடுங்கிக் குழலாகும் சரிவுக்குள் உறையின் வாய் நீண்டு, ரவையும் அடைப்பானும் நெருக்கப்பட, அழுத்தம் ஏறும். 'உள்ளே போகிறதே' என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு: 20 போர்த் தோட்டா 12 போர் அறைக்குள் விழுந்து, முன்னால் போய்ச் சிக்கிக்கொள்ளும். பின்னால் இன்னொரு 12 போரை இட்டுச் சுட்டால் குழல் பிளக்கும். அதனால்தான் 20 போர் உறைகளை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் வந்தது.

ரைஃபிள் குழலிலும் இதே பொறி இருக்கிறது. 8×57 என்ற ஜெர்மன் ராணுவத் தோட்டாவின் குண்டு முதலில் .318 அங்குலம். ஜெர்மன் ராணுவம் 1905-ஐ ஒட்டிக் கூர்முனைக் குண்டுக்கு மாறியபோது அதை .323 ஆக்கியது. உறை அதே உறை. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்கு, அதாவது 0.13 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் பருமனைவிடச் சற்றே அதிகம். வேட்டைத் துப்பாக்கிப் பட்டறைகளோ பழைய .318 குழலைப் பல ஆண்டுகள் தொடர்ந்து செய்தன. அறை புதுத் தோட்டாவை ஏற்றுக்கொள்ளும், குழல் ஏற்காது. குண்டு பிதுங்கிக்கொண்டு போகும்போது பின்னாலுள்ள வாயுவுக்குக் காத்திருக்க வேண்டிய நேரம் கூடுகிறது, அழுத்தம் கட்டுக்கு மீறுகிறது. மெல்லிய பூட்டு கொண்ட, நடுவில் மடங்கித் திறக்கும் கூட்டுத் துப்பாக்கிக்கு அது தாங்காது. தோட்டாவின் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் 'எஸ்' என்ற ஓர் எழுத்து இந்த வித்தியாசத்தைச் சொல்வதற்காகவே வந்தது.

அனுபவமுள்ள துப்பாக்கி மெக்கானிக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார், வார்ப்பும் மைக்ரோமீட்டரும் புத்தகக்காரர்களின் வேலை என்று ஒரு மறுப்பு உண்டு. கைத்தேர்ச்சியை நான் மதிக்கிறேன். பூட்டின் தளர்ச்சியை, குழலைத் தட்டினால் எழும் ஒலியை, பற்றவைப்பு விட்டிருப்பதைக் கண்டுபிடிப்பதில் அந்தக் கைக்கு ஈடில்லை. ஆனால் 0.13 மில்லிமீட்டரைக் கண் பார்க்காது. இந்தியாவில் பழகிய கை 12 போரிலும் .315-இலும் பழகியது, ஜெர்மனியின் சிறு பட்டறைத் தோட்டாக்களை அது சந்தித்திருக்க வாய்ப்பு குறைவு. தேர்ந்த மெக்கானிக்கும் அளவுகோலும் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்பது கூடாது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. 'தாத்தா காலத்தில் கிடைத்ததைப் போட்டுச் சுட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை' என்பார்கள். இதில் இரண்டு கோளாறு இருக்கிறது. வெடித்துச் சிதறிய துப்பாக்கிகள் நம் கைக்கு வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தவை தப்பியவை மட்டுமே. தப்பியவற்றை மட்டும் எண்ணி ஆபத்தைக் கணக்கிட முடியாது. அடுத்து, உலோகம் களைக்கும். அதிக அழுத்தம் ஒவ்வொரு முறையும் பூட்டையும் கீலையும் கண்ணுக்குத் தெரியாத அளவு நீட்டும், நுண்விரிசலைச் சற்றே வளர்க்கும். நூறு முறை தாங்கியது நூற்றோராவது முறை தாங்கும் என்பதற்கு அந்த நூறு முறை சான்றாகாது.

இங்கேதான் தங்கவயல் வருகிறது. அந்த ஆலைகளில் குவார்ட்ஸ் பாறையை இடிப்பான்கள் நீரோடு சேர்த்துத் தூளாக்கும். அந்தக் குழம்பு பாதரசம் பூசிய செம்புத் தகடுகளின் மேல் வழிந்தோடும். தங்கத் துகள் பாதரசத்தோடு கலந்து ரசக்கலவையாகத் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டிச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகித் தங்கம் நிற்கும். பாதரசத்துக்குத் தப்பிய தங்கத்தைச் சயனைடு பிடித்தது. இன்றும் ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மேடுகள் அதன் கழிவு. பாதரசம் தங்கத்தை மட்டும் நாடுவதில்லை. செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளையையும் அது பற்றும். 19ஆம் நூற்றாண்டின் தோட்டாக்களில், சுத்தியல் அடித்ததும் தீப்பொறி கக்கும் கேப்பில் இருந்தது பாதரச ஃபுல்மினேட். சுட்டதும் அது சிதைந்து பாதரசத்தை விடுவிக்கும். கருமருந்துக் காலத்தில் கனத்த கரிப்படிவு அதில் பெரும்பகுதியை வாரிக்கொண்டது. புகையில்லா மருந்து வந்தபின் படிவு குறைந்தது. பாதரசம் நேராகப் பித்தளையின் மேல் படிந்து, படிக மணிகளின் எல்லை வழியே ஊடுருவியது. உறை பார்ப்பதற்குப் புதுப் பாத்திரம்போல் மின்னும். மறுபடி மருந்திட்டுச் சுட்டால் விரிசல் விட்டு உடையும். தங்கத்தைப் பாறையிலிருந்து பிரித்துக் கொடுத்த அதே வேதிவினைதான் தோட்டா உறையை உள்ளிருந்து கெடுக்கிறது. பழைய காலி உறைகளைச் சேர்த்துவைத்து மறுபடி நிரப்பலாம் என்ற யோசனைக்கு இதுவே பதில்.

கேப்பில் இருந்த இன்னொரு பொருள் பொட்டாசியம் குளோரேட். எரிந்தபின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படியும். சாப்பாட்டு உப்பின் நெருங்கிய உறவு. காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவைக் கிளப்பும். எண்ணெய் அதைக் கரைக்காது, வெந்நீர்தான் கரைக்கும். ஜெர்மன் நிறுவனம் ஆர்.டபிள்யூ.எஸ். 1928-இல் சினாக்ஸிட் என்ற துருப்பிடிக்கவிடாத கேப்பைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய துப்பாக்கி என்றால் குழலுக்குள் சிறு சிறு குழிகளை எதிர்பார்க்கத்தான் வேண்டும். மருந்தும் மூப்படையும். நீலகிரி மாவட்டத்தின் அருவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்து இயங்கும் ஆலையின் பெயரிலேயே இருப்பது கார்டைட்; 1889-இல் பிறந்த புகையில்லா மருந்து. தொடக்கக் காலக் கார்டைட்டில் 58 விழுக்காடு நைட்ரோகிளிசரின், 37 விழுக்காடு வெடிபஞ்சு, 5 விழுக்காடு கனிம ஜெல்லி. வெயிலில் சூடேறிய கார்டைட் வேகமாக எரிந்து அழுத்தத்தைக் கூட்டும் என்பதால், இந்தியாவுக்கென்று மருந்தைக் குறைத்து நிரப்பிய தோட்டாக்களை ஆங்கில நிறுவனங்கள் தனியே விற்றன. ஐரோப்பியக் குளிருக்கு நிரப்பிய தோட்டாவைக் கோலார் வெயிலில் சுடுவது வேறு சோதனை. பல பத்தாண்டுகள் கடந்தால் நைட்ரோ மருந்துகள் தாமே சிதைந்து அமில வாயுவை வெளியிடும். உள்ளே பச்சை பூத்த பித்தளை அதன் அடையாளம். துப்பாக்கியோடு கிடைத்த பழைய தோட்டா, அளவை அறிய உதவும் சாட்சி மட்டுமே. அதைச் சுட நினைப்பது தவறு.

சரி, அளந்தாயிற்று, 9.3×72ஆர் என்று உறுதியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். தோட்டா எங்கே கிடைக்கும்? இந்தத் தோட்டா செத்துப்போகவில்லை. செக் குடியரசின் செல்லியர் அண்ட் பெல்லட் நிறுவனம் இதைச் செய்திருக்கிறது. குண்டின் எடை 193 கிரெயின், ஏறத்தாழ 12.5 கிராம். இந்தியாவுக்குள் கொண்டுவருவதுதான் கடினம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு உரிமமின்றித் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருப்பதைத் தடுக்கிறது. 5-ஆம் பிரிவு உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதைத் தடுக்கிறது. 10-ஆம் பிரிவு உரிமமின்றி இறக்குமதி செய்வதைத் தடுக்கிறது. புனே அருகே 1869-இலிருந்து இயங்கும் காட்கி ஆலை பொதுமக்களுக்கான தோட்டாக்களைச் செய்கிறது; அதுவும் அருவங்காடும் 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ். உள்நாட்டுக் கடைகளில் பொதுவாகக் கிடைப்பது 12 போரும் .315-உம்தான். இந்த .315-இன் வரலாறே நம் வாதத்துக்கு இன்னொரு சான்று. ராணுவத்தின் .303 பொதுமக்களுக்குக் கூடாது என்பதால், ஆஸ்திரியாவின் பழைய 8×50ஆர் மன்லிக்கர் தோட்டாவை அடியொற்றி வந்தது அது. எட்டு மில்லிமீட்டரை அங்குலமாக்கினால் .315. ஆஸ்திரியாவில் பிறந்த தோட்டா இந்தியப் பெயரோடு உழவர் வீடுகளில் பயிர்க்காவலுக்கு நிற்கிறது.

அப்படியானால் குழலை வெட்டி உள்ளே வேறு குழல் பொருத்தி, கிடைக்கும் தோட்டாவுக்கு மாற்றிவிடலாமே என்று கேட்பார்கள். இதற்கு என் பதில் உறுதியாக 'வேண்டாம்'. உரிமத்தில் எழுதிய விட்டம் மாறும், அது சட்டச் சிக்கல். மெல்லிய பூட்டு புதிய அழுத்தத்துக்குச் சோதிக்கப்பட்டதல்ல, அது உயிர்ச் சிக்கல். அந்தக் குழலின் அறைதான் அந்தப் பட்டறை விட்டுச்சென்ற முக்கியமான சான்று. அதை அழித்தால் துப்பாக்கி முதலில் எந்தத் தோட்டாவுக்கானது என்று இனி எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வேட்டைக்கு வேண்டும் என்ற காரணமும் இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டைக்கு அனுமதி இல்லை. சுடவே போவதில்லை என்றால் எதற்கு இவ்வளவு அளவு என்று கடைசியாகக் கேட்கலாம். அடையாளம் தெரியாத துப்பாக்கிக்குச் சட்டத்தில் இடம் இல்லை. உரிமத்திலோ, காவல் நிலையப் பதிவிலோ, அருங்காட்சியகப் பட்டியலிலோ என்ன எழுதுவது? சுடும் நிலையில் இல்லாத, பழுதுபார்த்தாலும் சுட முடியாத தொல்பொருளுக்குச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ஆனால் அந்த நிலையை நிறுவவும் முதலில் அது என்ன என்று தெரிய வேண்டும்.

வீட்டுப் பெரியவர் இறந்தபின் பரணில் இப்படி ஒரு துப்பாக்கி கிடைத்தால் மறைக்காதீர்கள், விளையாட்டாகக் கூடச் சுடாதீர்கள், கூட இருக்கும் தோட்டாக்களைக் கிணற்றில் போடாதீர்கள். உரிமம் காலாவதியான ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பது 21-ஆம் பிரிவு. முதலில் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். ஒப்படைக்கும்போது, அவர்கள் முன்னிலையில், குழல்களைப் பிரித்து அடியிலுள்ள முத்திரைகளைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிரீடம், எழுத்து, உருண்டைக் கணக்கு எண், எல்லாவற்றையும். உரிமை கோரப்படாத துப்பாக்கி ஒருநாள் உருக்கப்படலாம். அந்தப் படம் இருந்தால் அது எந்தத் துப்பாக்கி என்பதாவது மிஞ்சும்.